சங்கு நின்றதும் கேட்ட ஒலி

காலை பத்து நாற்பத்திரண்டு. சுவிட்ச் அறைச் சுவரில் புதிதாக மாட்டியிருந்த கடிகாரத்தை நான் பார்த்த நேரம் அது. பத்தே முக்காலுக்கு என்று சொல்லியிருந்தோம். ஆனால் அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "ஊதிரட்டா மேடம்?" என்றார். நான் தலையாட்டினேன். அவர் பொத்தானை அழுத்தினார். நீர்த்தொட்டியின் உச்சியில் இருந்த மின்சாரச் சங்கு முதலில் முனகி, பிறகு மெல்ல ஏறி, முழுக் குரலெடுத்தது. அந்த நொடியிலிருந்துதான் எல்லாம் தவறாகப் போகத் தொடங்கியது.

நம் துறையின் கட்டடப் பிரிவில் பொறியாளர்களாகப் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கேட்டிருந்தீர்கள். மதிப்பீடு தயாரிப்பது, கம்பி பார்ப்பது, கான்கிரீட் சோதிப்பது இவற்றையெல்லாம் சொல்லித்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நான் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு மகளோடு வீட்டில் இருப்பவள். எனக்குச் சொல்லத் தெரிந்தது அந்த ஒரு காலைதான். இன்றும் தெருவில் யாராவது மாவு மில்லை ஓடவிட்டால் என் கை தானாக எதையாவது பிடித்துக்கொள்கிறது. அந்தக் கையோடுதான் இதை எழுதுகிறேன்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில், சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி அந்தத் தொழிற்பள்ளி இருந்தது. ஒரு பண்ணையார் குடும்பம் மனையைக் கொடுக்க, அரசு கட்டடம் கட்டியது. கீழப்பாவூர், கடையம், ஆலங்குளம் பக்கத்து விவசாயிகளின் பையன்களும் பீடி சுற்றும் வீட்டுப் பையன்களும் சைக்கிளில் வந்து தச்சு வேலை, கொல்லு வேலை, ஃபிட்டர், வயர்மேன் என்று படித்துப் போனார்கள். முற்றத்தின் நடுவே தூண்கள் மேல் ஒரு பெரிய நீர்த்தொட்டி. அதன் உச்சியில் மின்சாரச் சங்கு. காலையில் பள்ளி தொடங்கவும் மாலையில் விடவும் அது ஊதும். வயலில் நிற்பவர்கள் அதைக் கேட்டுத்தான் கஞ்சி குடிக்க ஏறுவார்கள் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன்.

பிறகு தனியார் கல்லூரிகள் வந்தன. ஒவ்வொரு பிரிவாக ஆள் குறைந்தது. ஆசிரியர்களை மாற்றினார்கள். கடைசியில் யாரோ ஒருவர் பூட்டைப் போட்டுச் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போனார். பிடிபட்ட மணல் வண்டிகளைக் கொஞ்ச காலம் அங்கே நிறுத்தியிருந்தார்கள். சீசனில் ஒரு சினிமாக் கூட்டம் பேய்வீடாகக் காட்டவேண்டும் என்று சுவரெல்லாம் கரி பூசிவிட்டுப் போனது. அந்தக் கரியைத் தேய்த்தெடுக்க நாங்கள் பட்ட பாடு தனிக்கதை.

அதை மறுபடி உயிர்ப்பிக்கும் வேலை என் கைக்கு வந்தது. சிறப்புத் தேவை உள்ள இளையவர்களுக்குத் தொழில் பழக்கும் மையம். பாக்குமட்டைத் தட்டு, தையல், காகித உறை. உத்தரவை இரண்டு முறை வாசித்தேன். என் மகள் கயல் ஆட்டிசம் உள்ளவள். பள்ளி வயது முடிந்து, இனி எங்கே அனுப்புவது என்று தெரியாமல் வீட்டில் வைத்திருந்தோம். எனக்குப் பின்னால் அவள் எங்கே இருப்பாள் என்று ஒவ்வொரு விடியலிலும் நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்கு, என் சொந்தத் துறை ஒரு முகவரியை அனுப்பியிருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு செயற்பொறியாளர் இருந்தார். வெற்றிலைச் சிவப்பு மாறாத வாய். பூட்டிக்கிடந்த விருந்தினர் மாளிகை ஒன்றைப் பார்க்க என்னை முதன்முதலாக அழைத்துப் போனவர், கதவைத் திறக்காமல் வெளியிலேயே நெடுநேரம் சுற்றினார். "கைவிட்ட கட்டடம்னு உலகத்துல ஒண்ணும் கெடையாது கேட்டியளா. ஆள் மாறியிருக்கும், அவ்வளவுதான். இப்ப யார் இருக்கா, எதனால வந்தாங்கன்னு பாத்துட்டு உள்ள போங்க" என்றார். நான் அதில் முதல் பாதியை மட்டும் நினைவில் வைத்திருந்தேன்.

தொழிற்பள்ளியில் இருந்தவர்கள் மலைத்தேனீக்கள். வேலை பாதி நடந்திருந்தபோது, மாமரங்கள் பூத்த மாதத்தில், மேற்கு மலையிலிருந்து இறங்கி வந்தன. தொட்டியின் அடிப்பக்கத்தில் வரிசையாகக் கறுத்த அடைகள் தொங்கின. ஒவ்வொன்றும் மாட்டுவண்டிச் சக்கரத்தின் பாதி இருக்கும். மேலே குளவியோ பருந்தோ கடந்தால் அடை முழுவதும் ஒரு நெளிவு ஓடும். ஆயிரக்கணக்கான ஈக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வாலைத் தூக்கி இறக்குவதால் வரும் நெளிவு அது. காற்றில் கருப்புப் பட்டு அசைவது போல இருக்கும். கயலைச் சனிக்கிழமைகளில் வேலையிடத்துக்குக் கூட்டிப் போவேன். அவளுக்கு அதைப் பார்த்து அலுக்கவே அலுக்காது. எனக்கும்தான்.

ஒப்பந்தக்காரர் வந்து, "ஒரு பந்தம் போதும் மேடம். கொளுத்திவிட்டா விடியறதுக்குள்ள சோலி முடிஞ்சிரும்" என்றார்.

"வேண்டாம். பூ முடிஞ்சதும் தானா மலை ஏறிடும்."

"அப்ப வாடகையாவது வாங்குங்க."

தொட்டியைச் சுற்றிக் கயிறு கட்டி, யாரும் அடியில் போகக்கூடாது என்று எழுதி வைத்தோம். எதிர்ப்பக்கக் கூடத்தில் சுவரைத் துளைத்தோம், கூரை ஓடுகளை மாற்றினோம், கலவை இயந்திரம் ஓட்டினோம். ஒரு ஈகூட எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. வேலையாட்கள் கயிற்றுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நீண்ட நாள் தீங்கு செய்யாத ஒன்று நமக்கு உறவாகிவிடுகிறது. உங்கள் வேலையில் மிகவும் கவனிக்க வேண்டிய இடம் அதுதான்.

இந்த அண்ணாச்சி அங்கே படித்த வயர்மேன். ஆலங்குளத்தில் மோட்டார் சுற்றும் கடை வைத்திருக்கிறார். பள்ளி திறக்கப்போகிறது என்று கேள்விப்பட்டு, மழைக்காலத்திலேயே வந்து நின்றார். "சங்கை நான் சரி பண்ணித் தாரேன். மொத நாள் ஊதணும். எங்க செட்டு ஆளுக எல்லாரும் வாரோம்" என்றார். அவரே தொட்டி மேல் ஏறினார், மோட்டாரை இறக்கிக் கடைக்குக் கொண்டுபோய்ச் சுற்றி, திரும்ப மாட்டி, சும்மா ஒரு மூச்சு ஊதியும் பார்த்தார். சங்கு ஏறிய மாதத்தில் தேனீக்கள் இல்லை. தேனீக்கள் வந்த மாதத்தில் சங்கை யாரும் நினைக்கவில்லை.

அடைகளை முதன்முதல் பார்த்த அன்று அண்ணாச்சி வாயைப் பிளந்து நின்றார். "ஏயப்பா! நாங்க படிக்கையில இங்கன ஒரு ஈ கெடையாதே மேடம்!" என்றார். எனக்குக் கிடைத்த எச்சரிக்கை அதுதான். தினமும் சங்கு ஊதிய வரையில் அந்தத் தொட்டியடியில் ஈ அண்டவில்லை. அது ஓய்ந்த பிறகே குடியேறியிருக்கின்றன. எதனால் வந்தார்கள் என்று பாருங்கள் என அந்தச் செயற்பொறியாளர் சொன்னது இதைத்தான். நானோ "ஆமா, இப்போ அவங்க ஸ்கூல் ஆயிடுச்சு" என்று சிரித்தேன்.

முதல் நாள் வந்தது. விழா எதுவும் இல்லை. பிள்ளைகள், பெற்றோர், மையத்துக்கு நியமித்திருந்த ஸ்டெல்லா டீச்சர், அண்ணாச்சியின் பழைய கூட்டாளிகள் சிலர். அவ்வளவுதான். திடீர்ச் சத்தம் கயலுக்கு ஆகாது. குக்கர் விசில் அடித்தாலும் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு, குத்தவைத்து, முகத்தை முழங்காலுக்குள் புதைத்துக்கொள்வாள். சத்தம் நின்ற மறுநொடி எழுந்து, நான் எங்கிருந்தாலும் ஓடிவந்து என் மேல் மோதுவாள். அதனால் ஒரு வாரமாகவே சொல்லி வைத்திருந்தேன். "சங்கு ஊதும். காதைப் பொத்திக்கோ. நின்னதும் அம்மாட்ட வா." முற்றத்தில், கயிற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த கொடிமேடையின் விளிம்பில் அவளை உட்காரவைத்து, டீச்சரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லிவிட்டுத்தான் சுவிட்ச் அறைக்குப் போனேன்.

சங்கு முழுக் குரலெடுத்ததும், அறையின் வலைச் சன்னல் வழியாகத் தொட்டியைப் பார்த்தேன். எல்லா அடைகளிலும் ஒரே சமயத்தில் அந்த நெளிவு ஓடியது. ஓடி, நிற்காமல் மறுபடி ஓடியது. பிறகு அடைகள் வெளுத்தன. மேலே போர்த்தியிருந்த ஈக்கள் அத்தனையும் உதிர்ந்து, உள்ளிருந்த மெழுகின் நிறம் தெரிந்தது. உதிர்ந்தவை தரைக்கு வரவில்லை. முற்றத்தில் வெயில் மங்கிவிட்டது.

"ஏலே, உள்ள ஓடுங்கலே! கதவ அடைங்க!" என்று யாரோ கத்தினார்கள். நாற்காலிகள் கவிழ்ந்தன. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டும் இழுத்துக்கொண்டும் எல்லோரும் ஃபிட்டர் கூடத்துக்குள் பாய்ந்தார்கள். டீச்சர் கயலின் கையைப் பற்றி இழுப்பதைக் கண்டேன். அந்தக் கை காதை விட்டு வரவில்லை. டீச்சரின் இன்னொரு கையில் வீறிட்டுக்கொண்டிருந்த ஒரு சின்னப் பெண். அவளைத் தூக்கிக்கொண்டு டீச்சர் ஓடினார். அதைத்தான் செய்திருக்க வேண்டும், செய்தார். கூடத்தின் கதவு மூடியது. முற்றத்தில் என் மகள் மட்டும் குத்தவைத்திருந்தாள்.

அண்ணாச்சியின் விரல் பொத்தானை நோக்கிப் போனது. அந்தக் கையை நான் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"மேடம், விடுங்க! சங்குதான் மேடம் அதுகள வெறி பிடிக்க வைக்கி! தொட்டியே ஆடுதுல்லா!"

"நின்னா அவ எந்திரிச்சிருவா அண்ணாச்சி. எந்திரிச்சு என்கிட்ட ஓடி வருவா."

அவர் சன்னல் வழியே பார்த்தார். கையை இழுப்பதை நிறுத்தினார்.

என் செல்போன் அடித்தது. ஸ்டெல்லா டீச்சர். "மேடம், மேல வெளிச்சத்துக்கு விட்ட ஓட்டை வழியா உள்ள வருது. பிள்ளைங்களைப் பாய்க்கு அடியில போட்டிருக்கோம். அந்தச் சத்தத்தை நிறுத்துங்க மேடம், சத்தத்தை நிறுத்துங்க!" பின்னணியில் அழுகை.

கதவுக்கு அந்தப் பக்கம் அத்தனை வீட்டுப் பிள்ளைகள். வெளியே என் ஒரு பிள்ளை. இதைத் தியாகக் கதையாக வாசித்துவிடாதீர்கள். அப்படி எதுவும் எனக்குள் இல்லை. நான் நினைத்தது இவ்வளவுதான். சங்கு ஊதிக்கொண்டே இருந்தால் அவள் அசையாமல் இருப்பாள், ஆனால் தொட்டி அதிர்ந்துகொண்டே இருக்கும், ஈக்கள் அடங்கவே அடங்காது, கொட்டிக்கொண்டே இருக்கும். நின்றால் அவள் ஓடுவாள். ஓடுகிற எதையும் அவை விடாது. இரண்டிலும் ஆபத்து. ஆனால் ஒன்றில் முடிவு நிச்சயம், மற்றதில் எனக்கு ஏதாவது செய்ய ஒரு சந்து இருக்கலாம். சந்து இருக்கும் பக்கம் போ. அழுத்தத்தில் எடுத்த எல்லா முடிவுகளிலும் எனக்குக் கைகொடுத்தது இந்த ஒன்றுதான்.

அவர் கையை விட்டேன். "நிறுத்துங்க."

சங்கு உடனே நிற்காது. மெல்ல இறங்கித் தேய்ந்து முனகித்தான் அடங்கும். அந்த முனகல் தேயத் தேய, கயலின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போது எழுவாள், இப்போது எழுவாள்.

சங்கு நின்றது. அப்போதுதான் அந்த ஒலி கேட்டது.

அதுவரை சங்குக்கு அடியில் அமுங்கிக் கிடந்த ஒலி. சீசனில் குற்றாலத்தில் பேருந்தை விட்டு இறங்கியதும், அருவி கண்ணில் படும் முன்பே காதுக்கு வருமே ஓர் இரைச்சல், அது முற்றத்துக்குள் வந்து நின்றது போல இருந்தது. காதால் கேட்டேன் என்று சொல்ல முடியவில்லை. சன்னல் கம்பியில் வைத்திருந்த உள்ளங்கையில் கேட்டது. பல்லில் கேட்டது. இத்தனை சிறிய உடல்கள், ஒன்றுக்கொன்று ஒரு சொல்லும் சொல்லாமல், முற்றத்தின் வானத்தை முழுவதும் ஒரே ஒலியாக்கி வைத்திருந்தன. பயத்தின் உச்சியில் நின்றபடி நான் வியந்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள். அந்த வியப்பு இன்னும் என்னை விட்டுப் போகவில்லை.

கயல் எழவில்லை. சங்கு நின்றதே அவளுக்குத் தெரியவில்லை. கைகள் காதிலேயே இருந்தன. அவளுடைய நீலச் சுடிதாரின் முதுகில் ஈக்கள் வந்து அமர்ந்தன. ஒன்று, பிறகு பல, பிறகு நீலம் தெரியவில்லை.

என் கால்கள் கதவுப் பக்கம் திரும்பிவிட்டன. அண்ணாச்சி குறுக்கே நின்றார். "போகாதிய. நீங்க ஓடினா அம்புட்டும் உங்க பின்னாடி அவகிட்டதான் வரும்." அவர் அதைச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. எனக்கும் தெரியும். தெரிவது வேறு, கால்கள் வேறு. ஒரு கையால் கதவு நாதாங்கியைப் பிடித்துக்கொண்டேன். மறு கையால் தீயணைப்பு நிலையத்தைக் கூப்பிட்டேன். எடுத்தவரிடம் இடத்தைச் சொல்லிவிட்டு, "சைரன் போடாம வாங்க" என்றேன்.

"சைரன் இல்லாம இந்த டிராஃபிக்ல எப்படி மேடம் வாறது?"

"ரோட்டுல போடுங்க. இலஞ்சிக்குப் பிரியுற விலக்கு தாண்டினதும் நிறுத்திருங்க. வண்டியை வெளியிலேயே விட்டுட்டு நடந்து வாங்க. வெளிய ஒரு பொண்ணு இருக்கா. மேலெல்லாம் ஈ இருக்கு. உயிரோட இருக்கா."

உயிரோட இருக்கா என்று நானே சொன்னது என் காதில் விழுந்தது.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடிகாரம் தலைக்கு மேலேயே இருந்தது, நான் பார்க்கவில்லை. மெல்ல மெல்ல அந்த இரைச்சல் தணியத் தொடங்கியது. வெயில் திரும்பியது. தொட்டியடியில் அடைகள் மறுபடி கறுக்க ஆரம்பித்தன. நல்ல செய்திதான். ஆனால் கயலின் முழங்கைகள் தளர்வதைப் பார்த்தேன். ஒரு கை காதைவிட்டு அரை விரல் அகலம் விலகியது. ஒலி தணிந்தால் எழுவாள். முதுகில் இன்னும் அத்தனை ஈக்கள். எழுந்தால், ஓடினால், முதல் எட்டிலேயே அவை அனைத்தும் கொட்டும்.

"அண்ணாச்சி, இங்கன ஓடுற மெஷின் ஏதாச்சும் இருக்கா? தொட்டியைத் தொடாம சத்தம் போடுற மாதிரி?"

அவர் விழித்தார். பிறகு பின்னறைக்குள் பாய்ந்தார். பழைய பள்ளியின் சாணை பிடிக்கும் இயந்திரம் ஒன்று அங்கே தரையில் பதிந்து நின்றது. பிள்ளைகளுக்குக் காட்டலாம் என்று அவரே துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தார். கல் சுழன்றது. அவர் பையிலிருந்து ஒரு திருப்புளியை எடுத்து அதில் வைத்து அழுத்தினார். கூசும் ஒரு கிறீச்சொலி எழுந்தது. சுவர் தாண்டி, வலை தாண்டி, முற்றத்துக்குப் போனது.

கயலின் கை காதோடு ஒட்டிக்கொண்டது. தலை இன்னும் கீழே போனது.

தொட்டியைப் பார்த்தேன். அடைகளில் ஒரு நெளிவு ஓடியது. நின்றது. மறுபடி ஓடவில்லை.

"விடாதீங்க அண்ணாச்சி. நிறுத்தாதீங்க."

"நிறுத்தமாட்டேன் மேடம்." பொறி அவர் முகத்தில் தெறித்துக்கொண்டிருந்தது. அழுதுகொண்டே அழுத்தினார். "நான்லா ஊதினேன். நான்லா ஊதணும்னு சொன்னேன்."

"பேசாதீங்க. அழுத்துங்க."

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், முடிவில் சொல்ல எனக்குத் தெம்பு இருக்காது. அந்த மையம் இப்போது நடக்கிறது. தேனீக்களைக் கொளுத்த வேண்டும் என்று பலர் சொன்னார்கள். கொளுத்தவில்லை. கோடை மழை விழுந்ததும் அவையே மலை ஏறின. மறு ஆண்டு வந்தபோது அந்தப் பக்கத்து வாசலை மூடி, மறுபக்கம் வாசல் வைத்தோம். சங்கை இறக்கிவிட்டோம். அடுத்து எந்தப் பழைய கட்டடத்தை உங்கள் கையில் கொடுத்தாலும், அது எப்போது ஓய்ந்தது என்பதோடு, அது ஓய்ந்ததால் எது பிழைத்தது என்றும் கேளுங்கள். நீங்கள் திரும்ப இயக்கப்போவது அதன் தலைக்கு மேலாக இருக்கலாம்.

முற்றத்தின் வாசலில் தீயணைப்புக்காரர்கள் இரண்டு பேர் தெரிந்தார்கள். தலைமுதல் கால்வரை மூடிய உடை, முகத்தில் வலை. ஓடவில்லை. கோவில் பிரகாரத்தில் சுற்றுகிறவர்கள் போல நிதானமாக வந்தார்கள். ஒருவர் கையில் நனைத்த போர்வை. கொடிமேடையருகே வந்து, அதை விரித்து, குழந்தைக்குப் போர்த்துவது போல மெல்லக் கயல் மேல் படியவிட்டார். ஈக்கள் எழுந்து அவர்கள் இருவரையும் மூடிக்கொண்டன. அவர்கள் கை வீசவில்லை. போர்வையோடு சேர்த்து அவளைத் தூக்கினார்கள். அதே நிதானத்தில் எங்கள் கதவை நோக்கி வந்தார்கள்.

நாதாங்கியைத் திறக்க என் விரல்கள் விரிய மறுத்தன. அண்ணாச்சி சாணையை விட்டுவிட்டு வந்து, என் கையை எடுத்து, கதவைத் திறந்தார். அவர்கள் உள்ளே வந்ததும் சாத்தினார். கூட வந்த ஈக்கள் வெளிச்சம் தேடி வலைச் சன்னலுக்குப் போயின.

போர்வையை விலக்கினார்கள். நனைந்த ஈக்கள் பறக்க முடியாமல் தரையில் உதிர்ந்தன. கழுத்தும் புறங்கைகளும் வீங்கித் தடித்திருந்தன. கண்கள் இறுக மூடியிருந்தன. மூச்சு வந்துகொண்டிருந்தது. சாணை நின்றுபோயிருந்தது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள். எழுந்து வந்து, சொல்லி வைத்திருந்தபடியே, என் மேல் மோதினாள். நான் சுவரோடு சரிந்து உட்கார்ந்தேன்.

இருவரில் மூத்தவர் முகவலையைக் கழற்றினார். நரைத்த மீசை, வியர்வை வழியும் நெற்றி. அவருக்கும் மணிக்கட்டில் கொட்டியிருந்தது. "வெளிக்கேட்டுப் பக்கத்துல ஆம்புலன்ஸ் நிக்கி. உடனே ஊசி போடணும். பிள்ளையோட அம்மாவுக்குச் சொல்லியாச்சா? எங்கன இருக்காவ?"

அண்ணாச்சி என்னைக் காட்டினார்.

அவர் என்னைப் பார்த்தார். அந்த வலைச் சன்னலைப் பார்த்தார். அதன் வழியே நேர் எதிரே தெரிந்த கொடிமேடையைப் பார்த்தார். பிறகு என் முன்னால் குனிந்து, மெதுவாகக் கேட்டார்:

"இங்கனயா நின்னிய? இவ்வளவு நேரமும் பாத்துக்கிட்டா? ஓடி வராம எப்படிம்மா நின்னிய?"